பழைய மரத்தில் நீள்வில்: முதுகில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

இடித்த வீட்டின் தேக்குச் சட்டம் ஒன்று, ஆறடி மூங்கில், எபாக்சி, கிழிந்த சைக்கிள் டியூப். இவ்வளவு இருந்தால் போதும், ஆளுயர நீள்வில்லை வீட்டு வராந்தாவிலேயே செய்துவிடலாம். அதே சாமான்களை வைத்துச் செய்த வில் இழுக்கும்போதே வெடித்து, நெற்றியில் தையல் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வெடித்த வில்லின் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதைப் பழையதாக வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று பிரித்துப் பார்க்காதது.

வில்லைப் பிடித்திருக்கும்போது உங்களைப் பார்க்கும் பக்கம் வயிறு. குறியைப் பார்க்கும் பக்கம் முதுகு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் லிம்ப். நாணை இழுத்தால் முதுகின் நார்கள் நீள்கின்றன, வயிற்று நார்கள் நசுங்குகின்றன, நடுப்பகுதியில் இரண்டு விசையும் குறைவு. வயிறு தோற்றால் வில் சோர்ந்து வளைந்தபடி நின்றுவிடும். முதுகு தோற்றால் அந்த நொடியே இரண்டாகும். ஆகவே பழைய மரம் வயிற்றுக்குப் போகட்டும், நடு அடுக்குக்குப் போகட்டும், கைப்பிடிக்குப் போகட்டும். முதுகுக்கு மட்டும் நல்லதைத் தேடிக் காசு கொடுத்து வாங்குங்கள்.

இது புதிய யோசனை இல்லை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து 170-க்கும் மேற்பட்ட நீள்விற்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம். அந்த மரத்தின் வெளுப்பு இழுவையைத் தாங்கும், வைரம் நசுக்கலைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் மரத்தை வெட்டி எடுத்தார்கள். ஜப்பானியர்களின் யூமி வில் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். அதில் மூங்கிலையும் மரத்தையும் அடுக்கி ஒட்டுகிறார்கள். நமக்கு யூ கிடைக்காது. மூங்கில் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

• முதுகுக்கு முற்றிய மூங்கிலைப் புதிதாக வாங்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த மூங்கிலில் நார் முற்றியிருக்காது, வண்டும் சீக்கிரம் வரும். விட்டம் 12 செ.மீ.க்குக் குறையாத முள் மூங்கில் போன்ற பருத்த ரகமாகக் கேளுங்கள். கல் மூங்கில் கெட்டியானதுதான், ஆனால் ஒல்லியானது. அதிலிருந்து 38 மி.மீ. அகலப் பட்டை எடுத்தால் நடுவில் மேடு தூக்கி, ஓரங்கள் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

• மூங்கிலை உட்புறத்திலிருந்து மட்டும் இழையுங்கள். அதன் பலமெல்லாம் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக வெறும் சோறு. நடுவில் 3 மி.மீ. கனமும் நுனியில் 2 மி.மீ. கனமும் போதும். மேலே பச்சையாகவோ மஞ்சளாகவோ மெழுகுபோல் இருக்கும் மேல்பூச்சை மட்டும் கத்தி விளிம்பால் லேசாகச் சுரண்டலாம்.

• வயிற்றுக்குப் பழைய தேக்கு, வேங்கை, ஓக் தேடுங்கள். இடிப்பு மரம் விற்கும் கடைகளிலும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருப்பது போன்ற பழம்பொருள் கடைகளிலும் ஜன்னல் சட்டம், நிலை, கைமரம் தனித்தனியாகக் கிடைக்கும். பல பத்தாண்டு கூரைக்கு அடியில் இருந்த மரம் முறுக்கி அடங்கி உட்கார்ந்திருக்கும். பக்குவப்பட்ட தேக்கு நசுக்கலை நன்றாகத் தாங்கும். இழுவையில் சட்டென்று ஒடியும். வயிற்றில் வைக்கச் சொல்வதற்கும் முதுகில் வைக்காதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம். மூங்கிலையே ஒட்டிச் செய்த தரைப்பலகை மிச்சம் கிடைத்தால் அதுவும் வயிற்றுக்கு அருமையான பொருள்.

• ரேகையை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரல் வைத்துப் பின்தொடருங்கள். பலகையின் முகத்தில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பாருங்கள். வழியில் எங்காவது ரேகை ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும். பத்துச் சட்டத்தைப் புரட்டினால் ஒன்று தேறும்.

• காந்தத்தை மரத்தின் எல்லாப் பக்கமும் தடவுங்கள். தலை ஒடிந்த ஆணி உள்ளே இருந்தால் இழைப்புளி அலகு போகும். எந்திர ரம்பம் என்றால் துண்டு பறக்கும். ஆணித்துளை லிம்ப் நடுவில் விழுகிற சட்டத்தைக் கைப்பிடிக்கு ஒதுக்கி வையுங்கள்.

• மரத்தை எடை போட்டு உலர்த்துங்கள். ஈரம் 8 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் திறந்த வெளியில் வைத்த மரம் 12-க்குக் கீழே இறங்குவது கடினம், எத்தனை வருடம் பழையதானாலும். ஈர மரம் நசுங்கி, வில் தூங்கிவிடும். பிளைவுட்டில் நீளப் பெட்டி அடித்து, பழைய குண்டு பல்பு ஒன்றை எதிலும் படாமல் தொங்கவிட்டு, வெளிக்காற்றைவிட 8 முதல் 10 டிகிரி சூடாக வைத்தாலே போதும். சமையலறைத் தராசில் தினம் நிறுங்கள். எடை குறைவது நின்றதும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் காய்ச்சினால் மரம் மொறுமொறுப்பாகி ஒடியும்.

• நீளத்தில் தாராளமாக இருங்கள். நீங்கள் 28 அங்குலம் இழுப்பவர் என்றால் வில் 70 அங்குலமாவது இருக்கட்டும். சுமார் 178 செ.மீ. குட்டை வில்லில் அதே இழுப்புக்கு ஒவ்வொரு அங்குலமும் கூடுதலாக வளைய வேண்டியிருக்கும். முதல் வில்லுக்கு இந்தக் கூடுதல் நீளம்தான் மலிவான காப்பீடு.

• லிம்பைத் தட்டையாகச் செய்யுங்கள். படங்களில் பார்க்கும் இங்கிலாந்து வில்லின் உருண்டை வயிறு யூ மரத்துக்குப் பொருந்தும். 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் வில்லின் வளைவைக் கணக்கிட்டு, செவ்வக வெட்டுமுகம்தான் சுமையைச் சீராகப் பகிர்கிறது என்று காட்டினார். உருண்டை வயிற்றில் நடு முகட்டிலுள்ள நார்கள் மட்டும் முழு நசுக்கலையும் வாங்கும். கைப்பிடியை அடுத்து 38 மி.மீ. அகலத்தில் தொடங்குங்கள், லிம்பின் பாதிவரை அப்படியே விடுங்கள், பிறகு நுனியில் 12 மி.மீ.க்குக் குறுக்குங்கள். கனத்தைக் கைப்பிடி அருகே 16 மி.மீ., நுனியருகே 11 மி.மீ. என்று வைத்துத் தொடங்கினால் குறைத்துக்கொண்டு வர இடம் இருக்கும்.

• சட்டம் குட்டையா, கைப்பிடியில் இணையுங்கள். ஜன்னல் சட்டம் பெரும்பாலும் நாலடிதான் இருக்கும். மூன்றடிக்குச் சற்று மேலான இரண்டு துண்டுகளை நாலு அங்குல நீளத்துக்கு ஆங்கில டபிள்யூ வடிவில் கோத்து ஒட்டி, அதன் மேல் கைப்பிடிக் கட்டையை ஒட்டினால் அந்த இடம் வளையாது, அதனால் பிரியாது. ஒரே சட்டத்தை நீளவாக்கில் அறுத்து இரண்டாக்கினால் இன்னும் நல்லது. இரண்டு லிம்பும் ஒரே குணத்தில் இருக்கும்.

• பசை தொடும் முன் இரண்டு பரப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே சேர்த்துப் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். பிறகு 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் பரப்பைக் கீறி, தேக்காக இருந்தால் அசிட்டோன் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உடனே ஒட்டுங்கள். நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

• மெதுவாக இறுகும் இரு பாக எபாக்சியை வாங்குங்கள். 70 அங்குலத்துக்குப் பூசி, நேராக்கி, கட்டி முடிக்க அவகாசம் வேண்டும். இரண்டு டியூபையும் அட்டையில் போட்டிருக்கும் விகிதத்தில் அளந்து கலக்குங்கள், கண்மதிப்பு வேண்டாம். இரண்டு முகத்திலும் பூசுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

• சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள். பழைய சாமானில் இதைவிட உபயோகமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. மூங்கிலின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அழுத்தம் சமமாக விழும், மூங்கில் தோலில் தழும்பு விழாது, பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். இடையிடையே மரத்துண்டு வைத்துக் கிளாம்ப் போடலாம்.

• ஒட்டும்போதே நுனிகளை முதுகுப் பக்கமாக 5 செ.மீ. வளைத்து வையுங்கள். நாள்பட எந்த மர வில்லும் கொஞ்சம் நாண் பக்கம் சாயும். முன்கூட்டிக் கொடுத்த இந்த வளைவு அதை ஈடுகட்டும்.

• முதுகின் ஓரங்களை உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில்தான் முதல் சிலாம்பு எழும்.

• நல்ல மூங்கில் கிடைக்கவில்லையா, ரேகை நேரான பலகையின் முதுகில் பழைய பருத்தி வேட்டித் துணியையோ பட்டுத் துணியையோ இழுத்து ஒட்டுங்கள். துணி பெரிய பலம் தராது. சிலாம்பு எழாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அப்படிச் செய்த வில்லை 30 பவுண்டு இழுப்பு எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

• சுவரில் டில்லர் கட்டையும் தரையருகே கப்பியும் பொருத்துங்கள். டில்லரிங் என்றால் இரண்டு லிம்பும் ஒரே அளவாக வளையும்வரை வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது. வில் செய்வதில் பாதி நேரம் இங்கே போகும், போக வேண்டும். கயிற்றைக் கப்பி வழியாக விட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் உடைந்தாலும் துண்டு உங்கள் மேல் வராது. சுவரில் கட்டம் போட்டு, ஒவ்வொரு இழுப்பையும் போனில் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கண் பழகிவிட்டால் கோணலைக் காட்டாது, படம் காட்டும்.

• ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் 20, 30 தடவை பாதி இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். சுரண்டியதன் பலனை மரம் உடனே காட்டாது. அவசரமாக இன்னும் சுரண்டியவர்களின் வில்தான் மறுநாள் கீல் வைத்ததுபோல் ஒரே இடத்தில் மடங்கும்.

• பென்சில் கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆறு அங்குல நேர்க்கட்டையின் நடுவில் துளை போட்டு ஒரு பென்சில் துண்டைச் செருகுங்கள். நாண் ஏற்றிய வில்லின் வயிற்றில் வைத்தால் கட்டையின் இரு முனையும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகம் வளைந்த இடத்தில் பென்சில் முனை மயிரிழை தூரம் எட்டாமல் நிற்கும்படி அமைத்து, லிம்ப் நெடுக நகர்த்துங்கள். பென்சில் கோடு போடுகிற இடமெல்லாம் விறைப்பான இடம். அங்கே மட்டும் சுரண்டுங்கள். கோடு விழாத இடத்தைத் தொடவே வேண்டாம்.

• பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கொக்கியில் மாட்டி இழுப்பு எடையைப் பாருங்கள். முதல் வில்லுக்கு இலக்கு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ.

• கீழ் லிம்பைக் கொஞ்சம் விறைப்பாக விடுங்கள். நாண் ஏற்றிய நிலையில் மேல் லிம்பின் அடியில் நாணுக்குள்ள தூரம் கீழ் லிம்பின் அடியில் உள்ளதைவிட 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருந்தால் சரி. கை கீழ் லிம்புக்கு அருகில் பிடிப்பதால் சுமை அதன் மேல் கூடுதலாக விழும்.

• பாலியெஸ்டர் வில்நாண் நூலையே வாங்குங்கள். டேக்ரான் என்று கேட்டால் வில்வித்தைச் சாமான் விற்கும் கடையில் தருவார்கள். விடுபடும்போது அது சிறிது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நாணின் மொத்தத் தாங்குதிறன் வில்லின் இழுப்பு எடையைப்போல் நான்கு மடங்காவது இருக்கட்டும். நாணுக்கும் கைப்பிடிக்கும் 15 முதல் 17 செ.மீ. இடைவெளி வையுங்கள்.

• கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. இழைப்பகத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. அடைத்த அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்புத்தாள் தேய்ப்பவருக்கும் அதே தூள்தான். வராந்தாவில் தேய்த்தால் கோலம் போடும் இடம் அழுக்காகும், நுரையீரல் தப்பிக்கும்.

• கடைசியாக வார்னிஷையோ பாலியூரித்தேனையோ மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். மழைக்காலத்தில் வில் ஈரம் குடிப்பதை அது மட்டுப்படுத்தும்.

செய்யக்கூடாதவை

• பிளைவுட், எம்.டி.எஃப்., லேமினேட் தரைப்பலகை எதையும் லிம்பில் வைக்காதீர்கள். பிளைவுட்டில் பாதி அடுக்கு குறுக்கு ரேகை, அது வளைவில் ஒன்றும் தாங்காது. லேமினேட் என்று பெயர் இருக்கிறதே என்று தரைப்பலகையை வாங்கி வந்தவர்கள் உண்டு. அது தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மரப்படம் ஒட்டியது.

• பல்லுப் பல்லாக இணைத்த ரப்பர் மரப் பலகையை வாங்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் வழவழப்பாக, மலிவாக, நீளமாக இது நிறையக் கிடைக்கிறது. மேசைக்குப் பொருத்தம். லிம்பில் ஒவ்வொரு பல் இணைப்பும் உடையக் காத்திருக்கும் இடம்.

• சாரக் கம்பையும் பழைய ஏணி மூங்கிலையும் முதுகாக்காதீர்கள். வெயிலும் மழையும் பட்டு நார் நடுவே மயிரிழை வெடிப்பு இருக்கும், கயிறு அறுத்த பள்ளமும் ஆணித்துளையும் இருக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எடுத்தால் முழு இழுப்பில் தெரியவரும். பழையது வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இந்த ஒரு சாமானுக்குத்தான்.

• மூங்கில் கணுக்களைச் சமமாகச் செதுக்காதீர்கள். கணுவில் நார் மேடேறி இறங்குகிறது. மேட்டைச் சீவினால் நார் அறுந்துவிடும். அழகுக்காகச் சீவிய வில் கணுவிலேயே ஒடிவதைப் பார்த்தால் பிறகு யாரும் அந்தப் பக்கம் உளியைக் கொண்டுபோக மாட்டார்கள். உப்புத்தாளால் மெல்லத் தடவினால் போதும்.

• மாமரம், பெட்டி அடித்த பைன் போன்ற மெத்தென்ற மரத்தை மூங்கில் முதுகுக்கு வயிறாக ஒட்டாதீர்கள். மூங்கில் இழுவையில் அசையாது. சுமையெல்லாம் வயிற்றுக்கு வரும். அங்கே குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். அந்தக் கோடு ஒன்று தெரிந்தாலே அந்த லிம்ப் முடிந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற மரம் எதுவும் வயிற்றுக்கு வேண்டாம்.

• ஏற்றுமதிப் பெட்டி, பேலட் மரத்தை முத்திரை பார்க்காமல் தொடாதீர்கள். எச்.டி. என்றால் சூட்டில் பக்குவப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை பிடித்தது. முத்திரையே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பச்சை நிறம் ஏறிய, மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். அதை இழைக்கவும் கூடாது, அடுப்பில் போடவும் கூடாது.

• பழைய பெயின்ட்டை உலர் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆசாரியிடம் கொடுத்து எந்திர ரம்பத்தில் பெயின்ட் முகத்தை ஒரே சீவலாக எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

• உளுத்த மரத்தை வாங்கி, பசை ஊற்றி நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு துளை வெளியே தெரிந்தால் உள்ளே வழி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

• நெய்த ஃபைபர் கிளாஸ் துணியை முதுகில் ஒட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். நெசவில் பாதி இழை குறுக்கே போகிறது, வில்லுக்கு அது சுமை மட்டும். வில்லுக்கென்று விற்கும் ஃபைபர் பட்டையில் எல்லா இழையும் நீளவாக்கில் ஓடும்.

• ஐந்து நிமிட எபாக்சியையும் சாதாரண வெள்ளைப் பசையையும் முதுகு ஒட்டப் பயன்படுத்தாதீர்கள். முதலாவது நீங்கள் பாதி தூரம் பூசுவதற்குள் இறுகும். இரண்டாவது நம் வெயிலில் தொடர்ந்த சுமைக்கு மெல்ல மெல்ல நழுவும், இடைவெளியையும் நிரப்பாது.

• கிளாம்பை முடிந்த மட்டும் முறுக்காதீர்கள். எபாக்சி முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிட்டால் உள்ளே பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பசை ஓரத்தில் சின்ன மணிகளாக வந்து நின்றால் சரியான அழுத்தம்.

• ஒரே மூச்சில் ஒரு மி.மீ. சீவாதீர்கள். லிம்பின் விறைப்பு கனத்தின் மும்மடியில் மாறும். 10 மி.மீ. லிம்ப் 9 மி.மீ. ஆனால் விறைப்பு சுமார் 27 சதவீதம் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பத்து சதவீதம்தான் குறையும். கனம் விஷயத்தில் இழைப்புளியைப் பாதியில் கீழே வைத்துவிட்டுச் சுரண்டியை எடுங்கள். கண்ணாடித் துண்டின் விளிம்பும் நன்றாகச் சுரண்டும், கையுறை போட்டுக்கொண்டு.

• தராசு இலக்கு எடையைக் காட்டிய பிறகு ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக இழுக்காதீர்கள். 20 அங்குல இழுப்பிலேயே 16 கிலோ வந்துவிட்டதா, அங்கேயே நிறுத்திச் சுரண்டுங்கள், பிறகு 21. முழு இழுப்புக்குப் போகும் பாதை இது ஒன்றுதான். எப்படி வளைகிறது பார்க்கலாம் என்று ஒரே ஒரு தடவை முழுதாக இழுத்துப் பார்ப்பதில்தான் நல்ல வில்கூடச் சேதமாகிறது.

• முழு இழுப்பில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்காதீர்கள். மரம் அந்த நிலையில் நிற்கிற ஒவ்வொரு நொடியும் வயிறு நசுங்கிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் ஒன்றிரண்டு நொடியில் விடுங்கள், அல்லது மெல்ல இறக்குங்கள்.

• அம்பில்லாமல் நாணை விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் லிம்புக்கே திரும்புகிறது. வில்லை வாங்கிப் பார்க்கும் நண்பர்கள் முதலில் செய்வது இதைத்தான். கையில் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள்; கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள்.

• லேசான அம்பும் அதே வகை ஆபத்துதான், தவிருங்கள். இழுப்பு எடையில் பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெய்ன், அதாவது 26 கிராம்.

• பழைய கார்பன் அம்பை வளைத்துப் பார்க்காமல் எய்யாதீர்கள். உள்ளே விரிசல் இருந்தால் விடும்போதே பிளந்து கையில் ஏறும். லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள். சடசடவென்று கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள்.

• நாண் ஏற்றியபடியே வில்லை வைக்காதீர்கள். எய்து முடித்ததும் நாணை இறக்கி, இரண்டு ஆணி மேல் படுக்கையாக வையுங்கள். சுவரில் சாய்த்தால் கீழ் நுனி சுமை வாங்கிக் கோணும்.

• வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். உள்ளே 60 டிகிரியை எட்டும். பல எபாக்சிகள் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். ஒட்டு பிரிந்த வில் வெளியே பார்க்க அப்படியே இருக்கும்.

• மேரி ரோஸ் வில்லைப் பார்த்து 100 பவுண்டுக்கு ஆசைப்படாதீர்கள். அந்தக் கப்பலில் இருந்தவை 100 முதல் 185 பவுண்டுவரை இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே இழுத்துப் பழகிய ஆட்களின் வில் அது. அங்கே கிடைத்த சில எலும்புக்கூடுகளின் தோளிலும் முதுகெலும்பிலும்கூட அந்தச் சுமையின் தடம் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் தோள்பட்டை இன்று காலைதான் முதல் முறை வில்லைப் பிடிக்கிறது.

• வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காய்கிறபோது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்கவையுங்கள்.

• புறாவையோ முயலையோ குறிபார்க்காதீர்கள். வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 35 பவுண்டு வில்லின் அம்பு மனிதன் உடம்பில் பாயப் போதுமான வேகத்தில் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம். பின்னால் மண்மேடு உள்ள, குறுக்கே வழி இல்லாத இடத்தில் மட்டும் எய்யுங்கள்.

• டிக் என்று சத்தம் கேட்ட பிறகு இன்னொரு அம்பு எய்யாதீர்கள். அந்தச் சத்தம் நார் அறுந்தது, அல்லது ஒட்டு விட்டது. நாணை இறக்கி, முதுகு முழுவதும் பஞ்சை இழுத்துப் பாருங்கள். சிலாம்பு எழுந்த இடத்தில் பஞ்சு மாட்டும். பசைக் கோட்டில் ஊசி நுனி நுழைகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரத்தில் ஒட்டு மட்டும் விட்டிருந்தால் மெல்லிய எபாக்சியைச் சூடாக்கி உள்ளே விட்டு, நூல் சுற்றி, எடையைக் குறைத்துப் பயன்படுத்தலாம். முதுகின் நார் குறுக்கே அறுந்திருந்தால் எந்தக் கட்டும் உதவாது. அந்த வில்லைப் பரணில் போடாதீர்கள். ஒரு நாள் வீட்டுப் பிள்ளை எடுத்து இழுத்துப் பார்ப்பான். இன்றே ரம்பத்தால் நடுவில் அறுத்துவிட்டு, கைப்பிடிக் கட்டையை மட்டும் அடுத்த வில்லுக்கு எடுத்து வையுங்கள்.